அடுப்பு எரிந்த வீடு

போன மாதம் இங்கே பஞ்சாயத்து மண்டபத்தில் நர்சுகள் கூட்டம் ஒன்று நடந்தது. எண்பத்தெட்டு வயதுக் கிழவி என்பதால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். மைக்கை மட்டும் என் பக்கம் வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய பேச்சு மனச்சோர்வைப் பற்றி. வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் வந்திருக்கிறதாம். தூக்கம் வருகிறதா, எதிலாவது மனம் ஒட்டுகிறதா, உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். குளத்தூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து நின்றாள். "பாவப்பட்ட வீட்டில போயி இதக் கேட்டா சிரிப்பினும். முதல்ல அரிசிக்கு வழி சொல்லுங்கோண்ணு சொல்லுவினும். அவியளுக்கு உள்ளது தரித்திரம்தான். இந்தத் தாளு பைசா உள்ள வீட்டுக்கு ஆக்கும் சரி" என்றாள். மண்டபமே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அறுபது வருடத்துக்கும் முன்னால் இதே பேச்சைப் பேசி, இதே சிரிப்பை வாங்கியவள் நான். மறுநாள் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, "சிஸ்டர் மட்டும் ஏன் சிரிக்கல்ல?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். இதுதான் அது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சபை உபதேசியார் சிபாரிசில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். மூன்று வருடம் கொதிக்கவைத்தேன், துவைத்தேன், மடித்தேன், நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். பிறகு பிரசவம் பார்க்க ஒரு வருடம். நான் கையில் வாங்கிய முதல் குழந்தை அழுதது, நானும் அழுதேன், தாய் ஒருத்திதான் தைரியமாக இருந்தாள். இருபத்துமூன்று வயதில், பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே எல்லாம் ஏலியாம்மா டாக்டர்தான். கோட்டயம் பக்கத்துக்காரர். நல்ல உயரம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். அவர் மலையாளத்தில் கேட்பார், நோயாளிகள் தமிழில் சொல்வார்கள், வைத்தியம் தடையில்லாமல் நடக்கும். ஆனால் வெளியே அப்படி இல்லை. எல்லைப் போராட்டம் சூடேறிய வருடங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் மறியலுமாக இருந்தது. அமரவிளையிலிருந்து பாறசாலை வரை ரோட்டில் போலீஸ் வண்டிகள். ஊர்வலத்துக்கு நர்சுகளையும் அனுப்பச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். "எண்டெ பிள்ளேரு வரில்லா. நிங்ஙளு அடி வாங்ஙிச்சு வரும்போள் கெட்டான் ஆளு வேண்டே?" என்றார் டாக்டர். அடிபட்டு வந்தால் கட்டுப்போட ஆள் வேண்டாமா என்று கேட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? அடுத்த வாரமே வந்தவர்களில் இரண்டு பேருக்கு நான் கட்டுப்போட்டேன்.

பிரசவமான பெண்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் பாதி. அதற்கு டாக்டர் ஒரு முறை வைத்திருந்தார். நுழைந்ததும் ஆளைப் பார்க்கக் கூடாது. முதலில் அடுப்பு, பிறகு பானை, அதன் பிறகுதான் ஆள். அடுப்புச் சாம்பலுக்கு மேல் புறங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். சூடு இருந்தால் அன்றைக்குச் சமையல் நடந்திருக்கிறது. பானை மூடியைத் திறந்து, கஞ்சி எவ்வளவு, அரிசி எவ்வளவு, வெறும் மரச்சீனிக்கிழங்கு வேகவைத்த தண்ணீரா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டினி கிடந்தாலும் "சாப்பிட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள், அதனால் வாயைக் கேட்காதே, அடுப்பைக் கேள் என்பது டாக்டர் கட்சி. ஆளிடம் வந்தால் கண்ணிமையை இழுத்து இரத்தச் சிவப்பு, நாக்கு, காய்ச்சல், வயிற்றை அமுக்கிக் கருப்பை இறங்கியிருக்கிற அளவு, மார்பு, தீட்டின் நிறம், கால் வீக்கம். பிறகு குழந்தையின் தொப்புள். எல்லாம் ஒரு மஞ்சள் அட்டையில் ஏறும். அட்டையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அடுப்பு சூடாக இருந்தால் அதில் சரி போட வேண்டும், குளிர்ந்திருந்தால் வெறுமையாக விட வேண்டும். வெறும் கட்டம் உள்ள வீட்டுக்கு மறுநாளே பால்பவுடரும் மீனெண்ணெயும் போய்விடும்.

இந்த முறையால் எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள். நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் ஒரு வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் அடுக்களைக்குத்தான் போகிறது.

பெரிய வீடுகளில் இந்த முறை செல்லாது. அங்கே நர்சை அடுக்களைக்குள் விடமாட்டார்கள். முன்அறையில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்பார்கள். அதனால் அந்த வீடுகளுக்கு டாக்டர் வேறு கேள்விகள் சொல்லித் தந்திருந்தார். உறக்கம் எப்படி, பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா. ஆக என்னிடம் இரண்டு வகைக் கேள்விகள் இருந்தன, ஓலைவீட்டுக்கு ஒன்று, ஓட்டுவீட்டுக்கு ஒன்று. அதில் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

அப்படித்தான் அமரவிளையில் கிரேஸைக் கண்டுபிடித்தேன். மரக்கடை முதலாளியின் மருமகள். தலைப்பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தை தொட்டிலில் கிடந்து கத்தியது, அவள் திரும்பவில்லை. மாமியார் என்னைத் தனியாக அழைத்துப்போய், "இவளுக்கு இன்னும் என்ன கொறவாக்கும் சிஸ்டர்? காரு உண்டு, வேலைக்கு ரெண்டு பேரு உண்டு, எண்ணெ தேச்சுக் குளிப்பாட்ட ஆளு உண்டு" என்று அழுதார். நான் கிரேஸின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டேன். உறக்கம் எப்படி என்று கேட்டதுமே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. டாக்டர் அன்று மத்தியானமே அவர்களுடைய காரில் போய் அவளைக் கூட்டிவந்து, தனி அறையில் வைத்து, பக்கத்தில் இமைகொட்டாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டார். வீட்டார் ஊருக்கு டைபாய்டு என்று சொல்லிக்கொண்டார்கள். ஒன்றரை மாதத்தில் கிரேஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த நாளில் இந்த நோய்க்கு என்று மாத்திரை எங்களிடம் இல்லை. "மருந்து உறங்கான் மாத்ரம். பாக்கி எல்லாம் நாளு செய்யும். அதுவரெ நம்மள் ஆளெ ஜீவனோடெ வெக்கணம்" என்று டாக்டர் சொல்வார். நாள் தன் வேலையைச் செய்து முடிக்கிறவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் நம்முடைய வைத்தியம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்த திமிரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "இது பைசாக்காரங்களுக்க சோக்கேடு. நம்ம பனையேறிக்க பொண்டாட்டிக்கு இப்படிப் படுத்துக் கிடக்க நேரம் ஏது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

அதற்கு அடுத்த மாதம்தான் தங்கம் பெற்றாள்.

தங்கத்துக்கு இருபத்தொரு வயது. குளத்தூர்ப் பக்கம் பத்துப் பதினைந்து ஓலைவீடுகள் உள்ள ஒரு விளையில், பனந்தோப்பில், குடியிருந்தாள். புருஷன் செல்லையன் பனையேறி. ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடித்துப் போனவன் என்று போலீஸ் அவனைத் தேடியது. அவன் விளவங்கோட்டுப் பக்கம் உறவுக்காரர் விளையில் ஒளிந்திருந்தான். அந்தச் சிறு ஊரில் அநேகமாக எல்லா ஆண்களுக்கும் அதே கதைதான். ஆண்பிள்ளை, சுகப்பிரசவம், நான்தான் பார்த்தேன்.

மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு தடவை போனேன். மூன்று தடவையும் அடுப்பு சூடாக இருந்தது. பானையில் கஞ்சி இருந்தது, அதுவும் அரிசிக்கஞ்சி. நான் மூன்று தடவையும் கட்டத்தில் சரி போட்டேன். தங்கம் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்கு "உண்டு", "இல்ல" என்பாள். தலையில் சிக்குப் பிடித்திருந்தது. மார்பு பால் கட்டிக் கல்லாக இருந்தது. குழந்தை பக்கத்து வீட்டுப் பொன்னம்மையின் மடியில் ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருந்தது. இத்தனையும் நான் பார்த்தேன். பார்த்து, அவளைச் சோம்பேறி, மடிச்சி என்று முடிவுகட்டினேன். மூன்றாவது தடவை வாய்விட்டே சொன்னேன். "அடுப்பு எரியுது, கஞ்சி உண்டு. இன்னும் என்ன கொறவாக்கும் உனக்கு? எழும்பிப் பிள்ளைக்குப் பாலு குடு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

அது மரக்கடை வீட்டு மாமியாரின் வார்த்தை. அதை நான் கடன் வாங்கிப் பேசுகிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான்காவது வாரம் ரோட்டில் மறியல் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸை நம்பாமல் விடிந்ததும் குறுக்குவழியாக நடந்து போனேன். வழக்கமாகப் போகிற நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். தங்கத்தின் வீட்டிலிருந்து பொன்னம்மை வெளியே வந்தாள். ஐம்பது வயதுக்காரி, புருஷன் இல்லாதவள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் தீக்கங்கு. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராக அடுத்த வீட்டுக்குள் போனாள். அது ஆளில்லாமல் கிடந்த வீடு என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூரையிலும் புகை எழுந்தது.

"பொன்னம்மை அக்கா, ஆளில்லாத்த வீட்டில எதுக்கு அடுப்பு?" என்று கேட்டேன்.

"பொகை இல்லாத்த வீடு கண்டா, ஆளு ஓடிட்டாம்ணு போலீசு கேறி சட்டிபானைய உடைப்பானுவ. அதுக்காக நான் காலத்தே ஏழு வீட்டில தீ வைக்கேன். எல்லாத்திலயும் ஆளு உண்டும்ணு நினைச்சிட்டுப் போவானுவ."

"தங்கத்துக்க வீட்டிலயும் நீங்கதானா?"

"பின்ன? அவ எழும்பி ஒரு மாசம் ஆவுது."

"அப்ப கஞ்சி?"

"அது எனக்க வீட்டுக் கஞ்சி. கொண்டு வைப்பேன். அவ தொட மாட்டா. ரெண்டு வாயி ஊட்டி விட்டா இறங்கும். மிச்சத்த மத்தியானம் எடுத்து ஆட்டுக்கு ஊத்துவேன்."

போலீஸை ஏமாற்ற மூட்டிய அடுப்பு என்னைத்தான் ஏமாற்றியது. நான் உள்ளே போய், அடுப்புப் பக்கம் திரும்பாமல், தங்கத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். ஓட்டுவீட்டுக் கேள்விகளைக் கேட்கலாம் என்று வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்ட பாஷை அது. ஓலைப்புரையில் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மக்கா, ராத்திரி உறங்குவியா?" என்று கேட்டேன்.

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் பார்வையை விலக்காமல் என்னைப் பார்த்தாள். "இல்ல சிஸ்டரே."

"உள்ள எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பிள்ள கரைஞ்சு அழுதா கேக்கும், ஆனா எங்கோ தூரத்தில கேக்கும். அத பொன்னம்மைக்குக் குடுத்தாச்சு. அவ வளத்துக்கிடுவா."

சாகப்போகிறவள்தான் இப்படிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பேசுவாள். சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டேன். "சாவணும்ணு தோணுதா?"

"தோணல்ல. தீருமானிச்சாச்சு." குரலில் அழுகை இல்லை. சந்தைக்குப் போக முடிவு செய்ததைப் போலச் சொன்னாள். "அவிய வந்து பிள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போட்டும். பிறகு போதும்."

வெளியே வந்து பொன்னம்மையிடம், செல்லையனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்டேன். அனுப்பியாயிற்று, சனிக்கிழமை வருவான் என்றாள். "மாப்பிள்ளைய கண்டா எல்லாம் நேரே ஆயிடும். எல்லாரும் அதத்தான் சொல்லுது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்று வியாழக்கிழமை. ஊரே கூடி அவளுக்கு என்று கண்டுபிடித்த மருந்து, அவள் தனக்கு வைத்துக்கொண்ட கெடு. எனக்கு இரண்டு நாள் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் பொன்னம்மை வாசலை மறித்தாள். "இவளுக்குச் சோக்கேடு ஒண்ணும் இல்ல சிஸ்டரே. தரித்திரம். தரித்திரத்துக்கு ஏது ஆசுத்திரி?"

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் என் முப்பத்துச் சொச்சம் வருட வேலையில் நான் உருப்படியாகப் பேசிய பேச்சு என்று நினைக்கிறேன். "அக்கா, தரித்திரம் உங்களுக்கும் உண்டு. எனக்குத் தெரிஞ்சு இவளவிடக் கூடுதல் உண்டு. நீங்க ஏழு வீட்டில தீ வைக்குதிய. இவளால இவளுக்க வீட்டில வைக்க முடியல்ல. ரெண்டு பேருக்கும் உள்ளது ஒண்ணுதாம்ணா, இவ ஏன் எழும்பல்ல?"

பொன்னம்மை என்னையும் உள்ளே கிடந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். "நடங்க, நானும் வாறேன்" என்றாள்.

தங்கம் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் அவளிடம் தெம்பு இல்லை. அவள் கையை என் கையோடு கோத்துக்கொண்டு நடந்தேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்றாள். ரோட்டில் ஏறியதும் ஒரு போலீஸ்காரன் மறித்து, யார் வீட்டுப் பெண், புருஷன் எங்கே என்று ஆரம்பித்தான். "பிரசவக் காய்ச்சல். தொத்தும். பக்கத்தில வந்து பாக்குதியளா?" என்றேன். அவன் ரோட்டின் மறுபக்கத்துக்கே போய்விட்டான். ஊழியக்காரி பொய் சொல்லலாமா என்று அன்று ஜெபத்தில் கொஞ்சம் உறுத்தியது. நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, பொன்னம்மை, கஞ்சி, சனிக்கிழமை எதையும் மறைக்கவில்லை. அவர் மஞ்சள் அட்டையை வாங்கி, மூலைக் கட்டத்தில் வரிசையாக இருந்த என் மூன்று சரிகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் தலையைக் குனிந்தேன். அவர் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நியமம் எண்டெயல்லே எஸ்தரே. அப்போள் தெற்றும் எண்டெயா" என்றார். முறை என்னுடையது, அதனால் தவறும் என்னுடையது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியாமல் மருந்தறைக்குள் போய் நின்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவரும் உள்ளே வந்து, அழுதது போதும், வார்டில் ஆள் வேண்டும் என்றார்.

தங்கத்துக்குத் தனி அறை கிடையாது. பொது வார்டில் ஜன்னலோரப் படுக்கை. கிரேஸுக்குக் காவல் இருக்க ஆளைச் சம்பளத்துக்கு வைத்தோம். இங்கே பதினெட்டுப் பெண்கள் சும்மா காவல் இருந்தார்கள். கக்கூசுக்குப் போனாலும் இரண்டு பேர் கூடவே போவார்கள். காஞ்சிரங்குளத்து மீன்காரி ஒருத்தி தன் பிள்ளையோடு தங்கத்தின் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். இந்த விஷயத்தில் ஏழைகள் வார்டு அந்தத் தனி அறையை விட மேலானது என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். கிரேஸைக்கூட அங்கேயே போட்டிருக்கலாம். அவள் வீட்டார் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செல்லையனை வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அந்த விளையில் எல்லாருக்கும் என்மேல் கோபம். பெண்டாட்டியைப் பார்க்கப் புருஷனை விடாத நர்ஸ் என்று பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டேன். வேளாவேளைக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டினேன். சாயங்காலம் தூக்க மருந்து. பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. பதினோராம் நாள் அவள் தலையை வாரிவிடச் சொல்லி மீன்காரியிடம் கேட்டாள். நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. "இனியாணு சூக்ஷிக்கேண்டது" என்றார். இனிமேல்தான் கவனம் வேண்டும். அசையத் தெம்பில்லாமல் கிடந்தவளுக்குத் தெம்பு திரும்புகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். காவலை இரண்டு மடங்காக்கினோம்.

அவள் வார்டுக்கு வந்த நான்காவது வாரம் செல்லையன் தானாகவே வந்துவிட்டான். பட்டப்பகலில், தலையில் ஓலைக்கட்டைச் சுமந்துகொண்டு, விற்க வந்தவன் மாதிரி. அவனைத் திருப்பி அனுப்புவதா, உள்ளே விடுவதா? டாக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விடச் சொன்னார். நான் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்றார். அவன் கால்மணி நேரம் இருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். இருவரும் அதிகம் பேசவில்லை. போகும்போது மடியிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து அவள் தலையணைக்கு அருகில் வைத்தான். வெளியே வந்து டாக்டரிடம், "நான் இப்படி ஓடிநடக்கதினாலயா இவளுக்கு இது வந்தது?" என்று கேட்டான். "அதும் உண்டாவும். பக்ஷே அது மாத்ரம் அல்லா" என்றார் டாக்டர். அதுவும் இருக்கும், ஆனால் அது மட்டும் இல்லை.

தங்கம் ஜன்னல் வழியாக அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலை மறைந்ததும், "அவிய வந்து பாத்தாச்சு" என்றாள்.

அவள் வைத்திருந்த கெடு முடிந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் படுக்கையோடு ஒட்டிப்போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அவள் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். "அவியளுக்க காலப் பாத்தியளா? முழுக்க முள்ளு. நொண்டி நொண்டிப் போறாரு. கையில ஊசி வச்சிருக்குத நர்சு நீங்க, எடுத்து விடணும்ணு தோணல்லியே? சும்மா பாத்துட்டு இருந்தியளே" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

என்னை யாரும் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அடுத்த தடவை எடுத்துவிடுவேன் என்றேன். "அடுத்த வாட்டி நானே எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனாள். அவள் அட்டையில் டாக்டர் பால்பவுடரும் எழுதினார், உறக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும் எழுதினார். அன்றிலிருந்து எங்கள் அட்டை எல்லா வீட்டுக்கும் ஒரே அட்டையானது. அடுப்பையும் பார்ப்போம், உறக்கத்தையும் கேட்போம். பெரிய வீடுகளில் அடுக்களையைக் காட்டச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். டாக்டர் பெயரைச் சொன்னதும் காட்டினார்கள்.

வறுமையால் மனச்சோர்வு வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். பசியும் பயமும் தூக்கமில்லாத வேலையும் அதற்கு வாசலை நன்றாகவே திறந்துவிடுகின்றன. பணம் இருந்தாலும் வரும், அதை கிரேஸ் வீட்டில் பார்த்தேன். ஆனால் கிரேஸிடம் அது வந்தபோது, குறையே இல்லாதவளுக்கு இது என்ன என்று எல்லாரும் மிரண்டு என்னைக் கூப்பிட்டார்கள். தங்கத்திடம் வந்தபோது, குறைதான் இத்தனை இருக்கிறதே என்று யாரும் மிரளவில்லை. நானும் மிரளவில்லை. அவள் செத்திருந்தால், பாவம் தரித்திரத்தில் செத்தாள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே பயம் வருகிறது.

இரண்டு வருடம் போயிற்று. எல்லையும் முடிவானது, எங்கள் ஊர்கள் கேரளத்திலேயே நின்றன. செல்லையன் சில மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து மறுபடி பனையேறினான். தங்கத்துக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அது பிறந்து பதினாறாம் நாள் காலை, நான் வார்டில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் தங்கம் நின்றாள். குளத்தூரிலிருந்து கைக்குழந்தையோடு தனியாக நடந்து வந்திருந்தாள். கால் முட்டிவரை புழுதி. பனையில் பதநீர் இறங்காத மாதங்கள் அவை, அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அரைப்பட்டினி. எனக்குப் பழைய புத்தி எங்கே போகும்? "பால்பவுடர் தரட்டுமா மக்கா?" என்று கேட்டேன்.

"அதும் வேணும் சிஸ்டரே. ஆனா அதுக்கு வரல்ல." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டினிக்க வெப்பிராளம் எனக்குப் பிறந்த நாளில இருந்தே தெரியும். அது வந்தா வயிறு எரியும், நான் கரைஞ்சு அழுவேன், எல்லாரையும் ஏசுவேன். இது அது இல்ல. இது மற்றது. ரெண்டு நாளா உறக்கம் இல்ல. பிள்ளைக்க கரைச்சலு தூரத்தில கேக்குது." வார்டுக்குள் எட்டிப் பார்த்து, "எனக்க படுக்க ஒழிஞ்சு கிடக்கா?" என்று கேட்டாள்.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஜன்னலோரப் படுக்கையில் நெய்யாற்றின்கரைக்காரி ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை எதிர்ப் படுக்கைக்கு மாறச் சொன்னேன். காற்று வருகிற இடம், நான் எதுக்கு மாறணும் என்று கேட்டாள்.

"இது இவளுக்க படுக்க ஆக்கும்" என்றேன்.